மூடாத பர்மிட்

எங்கள் வேலைத்தளத்தில் விபத்து நடந்ததே இல்லை. நம்பாதவர்கள் நுழைவாயிலில் இருக்கும் போர்டைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆள் உயரம், பச்சை நிறம், நடுவில் கழற்றி மாட்டக்கூடிய எண்கள். 'விபத்தில்லாத நாட்கள்' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். நான் சொல்லப்போகும் நாளில் அந்த எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது.

அத்தனை நாளில் ஒருவருக்குக்கூட அடிபடவில்லையா என்று கேட்டால், பட்டது. ஒரு வெல்டருக்கு முழங்கை வரை வெந்துபோனது. பதிவேட்டில் அதற்குப் பெயர் 'சூடான பொருளுடன் எதிர்பாராத தொடர்பு'. குழாய் ஏற்றிய லாரியிலிருந்து தலைகுப்புற விழுந்தவர் 'வாகனத்திலிருந்து உரிய நேரத்துக்கு முன் இறங்கியவர்' ஆனார். ஒருவரைப் பாம்பு கடித்தபோது மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். பாம்பு நிறுவனத்தின் ஊழியர் இல்லை என்பதால் அது செய்த காரியம் எங்கள் கணக்கில் வராது என்று கடைசியில் முடிவானது. விபத்து என்ற ஒரு சொல்லைத் தவிர அகராதியில் உள்ள எல்லாச் சொல்லும் எங்கள் அலுவலகத்தில் புழங்கியது.

எங்களுடையது எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலை. குழாய் ஒரு கடற்கரையில் தொடங்கி, எழுநூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு தொழிற்சாலை வாசலில் முடிகிறது. நான் பொக்லைன் ஓட்டுபவன். எட்டடி ஆழம், நாலடி அகலம், நூல் பிடித்தாற்போல் ஒரே நேராகப் பள்ளம் தோண்டிக்கொண்டே போக வேண்டும். தோண்டிய மண்ணை ஒரு பக்கம் குவிப்பேன். மறுபக்கம், வெல்டிங் முடிந்த குழாய் மரக்கட்டைகளின் மேல் நீட்டிப் படுத்திருக்கும். பள்ளத்தின் அடியில் கல் பொறுக்கி, சமப்படுத்தி, மணல் பரப்பியதும் கிரேன்கள் குழாயைத் தூக்கி உள்ளே இறக்கும். பிறகு அதே மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். ஒன்பது வருடமாகச் செக்குமாடுபோல இதைத்தான் செய்துகொண்டிருந்தேன், நேர்கோட்டில் போகிற செக்கு.

பள்ளத்துக்குப் பொறுப்பாளர் என் தங்கையின் கணவர். தளத்தில் எல்லோரும் அவரை ஹெல்மெட் என்றே கூப்பிட்டார்கள். சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார். "வீட்டுல பல்பு மாத்தறதுக்குக்கூடப் போட்டுக்கிறார்ண்ணா" என்று தங்கை என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பெண் குழந்தைகளும் அப்பா தலையில் முடி இருக்கிறதா என்று பந்தயம் கட்டுவார்கள். பாதுகாப்பு விதிகள் எண்பத்து மூன்றையும் வரிசையாக ஒப்பிப்பவர் எங்கள் தளத்தில் அவர் ஒருவர்தான். அதற்காக வருடாவருடம் ஒரு பிளாஸ்டிக் கேடயம் கொடுப்பார்கள்.

எனக்கும் அவருக்கும் இதில்தான் ஒத்துவராது. நான் விதிகளைப் பார்த்துச் சிரிப்பவன். அவர் விதியை விட்டு இம்மியும் நகரமாட்டார்.

"மச்சான், எங்கேயோ ஒருத்தன் செத்துப்போனதைப் பார்த்துட்டுத்தான் இந்த விதியை எழுதியிருப்பாங்க. சும்மா எழுத மாட்டாங்க" என்பார்.

"மாப்பிள்ளை, எழுதினவன் பள்ளத்தை நேர்ல பார்த்திருக்கவே மாட்டான்" என்பேன் நான்.

விதிகளில் பெரியது பர்மிட் விதி. காலையில் பள்ளத்துப் பொறுப்பாளர் தன் பெயரில் ஒரு பர்மிட்டைத் 'திறக்க' வேண்டும். அதன் அசல் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். திறந்தவர்தான் கையெழுத்துப் போட்டு அதை 'மூட' வேண்டும். மூடாத வரை அந்த இடத்தில் இன்னொரு பர்மிட் திறக்க முடியாது. பர்மிட் இல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினாலும் அன்றே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். செருப்புக்குள் போன கல்லை எடுப்பதற்காக மண்ணில் கையூன்றிய ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்கள்.

ஆயிரமாவது நாளைக் கொண்டாட முடிவாயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருவார்கள், அவர்கள் கண்ணெதிரே குழாய் பள்ளத்துக்குள் இறங்கும், அவர்கள் கைதட்டுவார்கள். அதற்கு மேடை வேண்டும். மேடை போட இடம், நான் மண் குவித்திருந்த பக்கத்தில்தான் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மாலையில் வந்து, மண்குவியலைப் பள்ளத்துப் பக்கமாக நகர்த்தச் சொன்னார்.

"சார், குவியல் விளிம்பிலேர்ந்து மூணடி தள்ளி இருக்கணும். இதுக்கு மேல நகர்த்தினா விளிம்பிலேயே வந்து உக்காந்துடும். பாரம் தாங்காது" என்றேன்.

"விதி ஏழு" என்றார் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை.

"விதி ஏழு குவியலைப் பத்திப் பேசுது" என்றார் அதிகாரி. "நாம குவிக்கலையே. ஏற்கெனவே குவிச்சதைக் கொஞ்சம் நெருக்கி வைக்கிறோம். நெருக்கறதைப் பத்தி விதி எதுவும் சொல்லலை. ரெண்டே ரெண்டு நாளைக்குத்தானே."

மாப்பிள்ளை அதை ஆட்சேபணையாகப் பர்மிட்டில் எழுதப் போனார். பர்மிட்டில் ஆட்சேபணைக்குக் கட்டம் இல்லை. அதனால் எழுதவில்லை. மண்ணை நெருக்கித் தள்ளியது நான்தான். தள்ளும்போது பிடிக்கவில்லை. ஆனாலும் தள்ளினேன்.

மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கு மாப்பிள்ளை பள்ளத்துக்குள் இறங்கி, அடித்தளத்தின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தார். குவியலின் அடிப்பக்கம் பெயர்ந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, மூட்டை ஒன்றைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தபோது நெஞ்சு வரை மண்ணுக்குள் இருந்தார். வலது கை உள்ளே மாட்டியிருந்தது. இடது கையும் தலையும் வெளியே இருந்தன. ஹெல்மெட் தலையில் இருந்தது.

நாலு பேர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். நான் என் பொக்லைன் மேல் ஏறினேன். செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. விளிம்பில் மிச்சம் நிற்கும் குவியலை முதலில் வெளிப்பக்கம் இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சரியும். பிறகு மண்வெட்டிக்காரர்கள் இறங்கிக் கையால் தோண்டி எடுத்துவிடலாம். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேர வேலை.

"மச்சான், இருங்க" என்று பள்ளத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. மூச்சு முட்டிக்கொண்டுதான் பேசினார். "என் பர்மிட் இன்னும் திறந்திருக்கு. அதுல அளக்கிறதுன்னு மட்டும்தான் போட்டிருக்கு. நீங்க பக்கெட்டை இறக்கினா உங்க வேலை போயிடும். ஆபீசரைக் கூப்பிடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

கூப்பிட்டேன். பாதுகாப்பு அதிகாரி ஐந்து நிமிடத்தில் வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. வந்ததும் முதல் காரியமாகச் சிவப்பு வெள்ளை நாடாவை எடுத்து, பள்ளத்தைச் சுற்றிப் பத்து அடி தள்ளி நாலு பக்கமும் கட்டினார். மண்வெட்டிக்காரர்களை நாடாவுக்கு வெளியே அனுப்பினார். பிறகு எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"ஒரு விஷயம் எல்லாரும் புரிஞ்சுக்கணும். நம்ம நிறுவனத்துக்கு மனுஷ உயிர்தான் முதல்ல. அதனாலதான் அவர்கிட்ட யாரும் போகக் கூடாதுன்னு சொல்றேன். ஒரு உயிர் உள்ள இருக்கு. உள்ள போனா ரெண்டாயிடும். வெளியே நின்னா ஒண்ணாவே இருக்கும். பாதுகாப்புங்கிறது இந்தக் கணக்குதான்."

புது பர்மிட் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

பர்மிட் அலுவலகம் ஒரு கன்டெய்னர். அதில் சின்னதாக ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் பர்மிட் குமாஸ்தா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இவரைப் பார்த்த பிறகு சொன்னதாகத்தான் இருக்கும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரிய பேரேட்டைப் புரட்டினார்.

"அந்த இடத்துல ஒரு பர்மிட் ஏற்கெனவே திறந்திருக்கே. அதை மூடிட்டு வாங்க. திறந்து தர்றேன்."

"திறந்தவர்தாங்க மண்ணுக்குள்ள இருக்கார்."

"அப்ப அவரையே வந்து மூடச் சொல்லுங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் யோசித்து, இன்னொரு படிவத்தை எடுத்தார். "அசல் பர்மிட் தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு விண்ணப்பம் கொடுத்தா, நகல் வெச்சு நாங்களே மூடிடலாம். எங்கே தொலைஞ்சது?"

"தொலையலைங்க. அவர் சட்டைப் பையில இருக்கு. பை மண்ணுக்குள்ள இருக்கு."

"எங்கே இருக்குன்னு தெரிஞ்சா அது எப்படி தொலைஞ்சதாகும்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வருத்தத்தோடு அந்தப் படிவத்தைத் திரும்ப வைத்தார்.

கடைசியில் நகல் ஒன்றில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டால் போதும் என்று இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டார். நகலை வாங்கிக்கொண்டு ஓடினேன். நாடாவைத் தாண்டக் கூடாது என்பதால், இரண்டு அளவுகோல் கம்புகளைச் சேர்த்துக் கட்டி, அதன் நுனியில் அட்டையையும் பேனாவையும் வைத்து நீட்டினோம். மாப்பிள்ளை இடது கையால் வாங்கி, அட்டையை மண்மேல் வைத்து, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். தேதியும் நேரமும்கூடப் போட்டார். "பத்து மணி அஞ்சு நிமிஷம்தானே மச்சான்?" என்று கேட்டுக்கொண்டு போட்டார்.

குமாஸ்தா அதை மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இது அவர் கையெழுத்து இல்லையே."

"இடது கையால போட்டார்."

"இடது கைக்கு எங்ககிட்ட மாதிரி இல்லை. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

திரும்பி வந்தபோது திட்ட மேலாளரின் வண்டி நின்றிருந்தது. அவரிடமே சொல்லிவிடலாம் என்று போனேன். அவசர மீட்புக்கென்று சிவப்பு பர்மிட் ஒன்று உண்டு. அதற்கு எந்தக் கையெழுத்தும் தேவையில்லை, மேலாளர் வாயால் சொன்னாலே போதும். அதைத் தரச் சொல்லிக் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கெஞ்சினேன்.

அவர் என் தோளில் கை போட்டார். "உங்க தங்கை வீட்டுக்காரர்னா அவர் எனக்கும் தம்பி மாதிரி. நாம எல்லாரும் ஒரே குடும்பம். ஆனா யோசிச்சுப் பாருங்க. சிவப்பு பர்மிட் விபத்துக்கு மட்டும்தான். அதைக் கொடுத்தா நாமளே இதை விபத்துன்னு தீர்ப்பு சொன்ன மாதிரி. விபத்துன்னா அடிபட்டிருக்கணும். அடிபட்டிருக்கான்னு வெளியே எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். எடுக்கிறதுக்கு முன்னாடி எப்படி சொல்றது? இப்போதைக்கு அவர் வேலை நேரத்துல வேலை செய்யற இடத்துல இருக்கார். பதிவேட்டுல 'பள்ளத்திலிருந்து வெளியேறுவதில் தாமதம்'னு போட்டிருக்கோம். தாமதம் எல்லாருக்கும் ஆகறதுதானே."

"சார், விளிம்புல மிச்ச மண்ணு நிக்குது. வெடிப்பு விட்டிருக்கு. அது சரிஞ்சா தலைக்கு மேல போயிடும்."

"சரியலையே இன்னும்" என்றார்.

பிறகு அவர் நாடாவின் ஓரம் போய் நின்று, ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையிடம் பேசினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது நாள் ஆயிரம் பேர் வியர்வை சிந்திக் காப்பாற்றியதை மண்ணுக்குள் மாட்டிய ஒருவருடைய கால் தீர்மானித்துவிடக் கூடாது என்றார். உங்களைப் போன்ற ஒழுக்கமான ஊழியரிடம் இந்தப் பொறுப்பு வந்து சேர்ந்ததில் நிறுவனம் பெருமைப்படுகிறது என்றார். முடிவில், பதிவுக்காக, நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டார்.

"இருக்கேன் சார்" என்றார் மாப்பிள்ளை. "கால் மட்டும் இருக்கிற மாதிரியே தெரியலை."

"கால் பற்றிப் புகார் இல்லை" என்று பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டார்.

பத்தே முக்கால் மணிக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பர்மிட்டின் ஆயுள் நண்பகல் பன்னிரண்டு வரைதான். புதுப்பிக்காவிட்டால் தானாகவே செத்துவிடும். செத்த பர்மிட்டை யாரும் மூட வேண்டியதில்லை. பன்னிரண்டு அடித்ததும் என் பெயரில் புதிதாக ஒன்று திறந்துவிடலாம். இதைக் கண்டுபிடித்ததும் மேலாளரும் அதிகாரியும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள். எனக்குமே ஒரு நிம்மதி வந்தது.

அந்த ஒன்றேகால் மணி நேரமும் நான் பொக்லைனில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அதற்கு அனுமதி கொடுத்தார். "ஏறலாம். ஸ்டார்ட் பண்ணலாம். கையை நீட்டி வெச்சுக்கலாம். பக்கெட் பல்லு மண்ணுல படக் கூடாது." நான் அப்படியே வைத்திருந்தேன். குவியலுக்கு மேலே இரண்டடியில் பக்கெட் தொங்கியது. என் உயரத்திலிருந்து வெடிப்பு நன்றாகத் தெரிந்தது. முதலில் விரல் நுழையும் அளவுக்கு இருந்தது. பிறகு கை நுழையும் அளவுக்கு ஆனது. நான் ஒவ்வொரு தடவையும் கத்திச் சொன்னேன். அதிகாரி ஒவ்வொரு தடவையும் நேரம் குறித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை நடுநடுவே பேசினார். கம்பின் நுனியில் தண்ணீர் பாட்டில் கட்டிக் கொடுத்தார்கள். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ நாடகமாம், அதற்கு ஒரு அட்டைக் கிரீடம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாராம். "சாயங்காலம் வர்றப்ப தங்கக் காகிதம் வாங்கிட்டுப் போகணும் மச்சான், ஞாபகப்படுத்துங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குளிர்கிறது என்றார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு அடித்தது. பர்மிட் செத்தது. உடனே பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு சிக்கல் தோன்றியது. பழைய பர்மிட் காலாவதியான நிமிடத்திலிருந்து, மாப்பிள்ளை பர்மிட் இல்லாமல் பள்ளத்துக்குள் இருப்பவர் ஆகிறார். அது பெரிய விதிமீறல். விதிமீறல் நிலுவையில் இருக்கும் இடத்தில் புது பர்மிட் திறக்க முடியாது. அதனால் முதலில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, அவர் அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். கடிதத்தைத் தட்டச்சு செய்து வர எட்டு நிமிடம் ஆனது. கம்பின் நுனியில் கட்டி நீட்டினார்கள்.

மாப்பிள்ளை அதை முழுக்கப் படித்தார். "தப்பு என்னுதுதான் சார். நேரத்தைக் கவனிச்சிருக்கணும்" என்றார்.

இந்தத் தடவை இடது கைக் கையெழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். எச்சரிக்கைக் கடிதத்துக்கு மாதிரிக் கையெழுத்து தேவையில்லை.

பன்னிரண்டு பதினைந்துக்குக் குமாஸ்தா ஓடிவந்தார். ஒன்பது வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். என் பெயரில் புது பர்மிட், மை காயாத முத்திரை. நான் நெம்புகோலில் கை வைத்தேன். அதிகாரி கையை உயர்த்தினார்.

"ஐந்து நிமிடப் பேச்சு" என்றார்.

புது பர்மிட்டில் எந்த வேலை தொடங்கினாலும், அதற்கு முன் எல்லோரையும் கூட்டி ஐந்து நிமிடம் பாதுகாப்புப் பேச்சுப் பேச வேண்டும். விதி பன்னிரண்டு. என்னைக் கீழே இறங்கச் சொன்னார். இறங்கினேன். அரைவட்டமாக நின்றோம். அன்றைய தலைப்பை அவர் கோப்பிலிருந்து எடுத்தார். பட்டியல்படி அன்று பள்ளத்து வேலை பற்றிய பேச்சு. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து மூன்றடிக்குள் வைக்கக் கூடாது, ஏனென்றால், என்று அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை, "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டார்.

குவியல் மொத்தமும் இறங்கியது.

அதன் பிறகு எல்லோரும் நாடாவை அறுத்துக்கொண்டு ஓடினோம். நான் பக்கெட்டால் இழுத்தேன், மற்றவர்கள் மண்வெட்டியாலும் கையாலும் வாரினார்கள். குமாஸ்தாவும் வாரினார். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பதினெட்டு நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தோம். பதினெட்டே நிமிடம்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த மருத்துவமனையில், அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். சாவு நடந்த இடம் என்று சான்றிதழில் மருத்துவமனையின் பெயர் இருந்தது. எங்கள் தளத்தில் யாரும் சாகவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. ஆயிரமாவது நாள் விழா ஒரு வாரம் மட்டும் தள்ளிப்போனது. தொடக்கத்தில், 'உடல்நலக் குறைவால் மருத்துவமனையில் காலமான நமது சக ஊழியருக்காக' ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு குழாயை இறக்கினார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் விசாரணை நடந்தது. குளிரூட்டிய அறையில் நீள மேஜை போட்டு, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பேர் அதன் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், மறுபக்கத்தில் நான் மட்டும். விசாரணைத் தலைவர் மென்மையாகப் பேசுபவர். எனக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு விதிப்புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"விதி நாற்பத்தொண்ணு, பின்னிணைப்பு. படிங்க."

படித்தேன். 'மனித உயிருக்கு உடனடி ஆபத்து நேரும்போது எவ்வித பர்மிட்டும் தேவையில்லை. அருகிலுள்ள ஊழியர் உடனே செயல்பட வேண்டும்' என்று இருந்தது.

"இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். நாற்பத்தொண்ணுல பின்னிணைப்பு உண்டுன்னே தெரியாது. எண்பத்து மூணும் தெரிஞ்ச எங்க மாப்பிள்ளைக்கே தெரியலை."

"ஒவ்வொரு பர்மிட்டுக்கும் பின்பக்கம் அது இருக்கே."

"நாங்க வாங்கற பர்மிட்டுக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளைத்தாள்தான் சார்."

மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "ஆமா, சுற்றுச்சூழல் நலனுக்காகப் பின்பக்கம் அச்சடிக்கிறதை நிறுத்திட்டோம்" என்றார் தலைவர். "ஆனா அச்சடிக்கலைங்கிறதுக்காக விதி இல்லாம போயிடாது. அன்னைக்குக் காலையில ஒன்பது இருபதுலேர்ந்து உங்களுக்குப் பர்மிட்டே தேவைப்படலை. அதிகாரிகள் கூடுதல் கவனத்தோட, தேவையில்லாத பர்மிட்டையும் உங்களுக்காக வாங்கித் தர முயற்சி பண்ணியிருக்காங்க. அதை நாங்க பாராட்டறோம். நான் உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். நீங்க மிஷின்ல உக்காந்திருந்தீங்களா?"

"உக்காந்திருந்தேன்."

"மிஷின் ஓடிட்டிருந்துதா?"

"ஓடிட்டிருந்தது."

"உங்க கையை யாராவது பிடிச்சுத் தடுத்தாங்களா?"

நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். நாடா இருந்தது, அது ஒரு கத்தரிக்கோலுக்குத் தாங்காத நாடா. அதிகாரி இருந்தார், என் இயந்திரத்தின் எடை இருபது டன்.

"இல்லை" என்றேன்.

'யாரும் தடுக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். தாமதத்துக்குக் காரணம் இயந்திர ஓட்டுநர் உரிய நேரத்தில் செயல்படாதது என்று அறிக்கை முடிந்தது. ஆனால் அவர்கள் இரக்கமுள்ளவர்கள். என் ஒன்பது வருட ஒழுங்கான சேவையைக் கருதி, என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. மூன்று நாள் மறுபயிற்சிக்கு மட்டும் பரிந்துரைத்தார்கள். அறிக்கையின் ஒரு பிரதியை, விதிப்படி, இறந்தவரின் மனைவிக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

நான் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் அதைப் படித்து முடித்திருந்தாள். சமையலறை மேஜைமேல் காகிதம் விரித்தபடி இருந்தது. பெரியவள் பள்ளிக்குப் போயிருந்தாள். சின்னவள் உள்ளறையில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். தங்கை அழவில்லை. அதற்கு முன்னால் போதுமான அளவு அழுதிருந்தாள்.

"இதுல எழுதியிருக்கிறது நிஜமாண்ணா?"

"எதும்மா?"

"நீ மிஷின்லதான் இருந்தியா? ஒன்றேகால் மணி நேரமுமா?"

"இருந்தேன்." மேஜைமேல் இருந்த காகிதத்தை மடித்தேன். "பேப்பர் வரலைம்மா. பேப்பர் வராம..."

நான் சொன்ன சொல் என் காதிலேயே விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"அவருக்குச் சட்டம்னா உயிர். உள்ள இருந்துக்கிட்டே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனா நீ அந்த ஆபீசருங்களைப் பார்த்துச் சிரிக்கிறவனாச்சே. ஞாயித்துக்கிழமைன்னா இங்க உக்காந்து அவங்களை மாதிரியே பேசிக் காட்டுவியே. உனக்கு எல்லாம் தெரியுமே. நீ எதுக்குண்ணா காத்துக்கிட்டிருந்த?"

எனக்குப் பதில் தெரியும். பயம்தான். வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றும் இல்லை.  அதைச் சொல்லாமல் உள்ளறைக்குப் போய்ச் சின்னவளின் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கன்டெய்னர் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று, என் பர்மிட்டை வாங்கிக்கொண்டேன்.